வன்னியில் இருந்துகொண்டு டாலியின் தாந்தே மரச்செதுக்கு அச்சுகளைச் சேகரித்தல்: முழுமையான வழிகாட்டி

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘டிவைன் கொமெடி’ காவியத்துக்கு ஸ்பானிய ஓவியர் சல்வடோர் டாலி வரைந்த 100 நீர்வர்ண ஓவியங்களைப் பார்த்துச் செய்யப்பட்ட மரச்செதுக்கு அச்சுகளைப் பற்றியது இது. கனவுபோன்ற காட்சிகளை வரையும் சர்ரியலிசமும் பழைய இலக்கியமும் மரச்செதுக்கும் ஒன்றுசேரும் இடத்தில் புதியவரின் கைக்கு எட்டக்கூடியது இந்தத் தொகுதிதான். பிரதிகள் நிறைய உள்ளன. பட்டியல்கள் ஒழுங்காக உள்ளன. தனித்தாள்கள் பெரும்பாலும் சில நூறு டொலருக்குள் கிடைக்கின்றன.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இருந்து சேகரிப்பவருக்கு மூன்று தொல்லைகள் கூடுதலாக உண்டு: பொருளை நேரில் பார்க்காமல் வாங்க வேண்டும், சுங்கத்தைத் தாண்ட வேண்டும், மாரியைத் தாண்ட வேண்டும். கீழே உள்ள ஒழுங்கு இந்த மூன்றையும் பார்த்துப் போட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அனேகமாக முதலில் படத்தை வாங்குகிறார்கள், பிறகுதான் அதை வைக்க இடம் தேடுகிறார்கள். நட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

1. எது மரச்செதுக்கு, எது அல்ல

மரத்தை நீளவாட்டில் அறுத்த பலகையில் கத்தியால் செதுக்குவது ஒரு முறை. மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் புயூரின் என்ற எஃகு உளியால் கீறுவது மற்றது. இரண்டாவதில் நார் குறுக்கே ஓடாததால் மிக நுண்ணிய கோடு பிடிக்கும். இரண்டிலும் மை மேட்டில் நிற்கும், பள்ளம் வெள்ளையாக விடும். கையில் உள்ளது மரச்செதுக்கா என்று பார்க்கும்போது முதலில் தேடவேண்டியது இதைத்தான்.

விற்பனைப் பட்டியல்களில் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். டாலி 1957இல் டொன் கிஹோட்டே நாவலுக்குச் செய்தவை லித்தோகிராப், அதாவது கல்லச்சு. 1969இல் அலிஸ் கதைக்குச் செய்த படங்கள் ஹீலியோகிரவூர், அதாவது ஒளிப்பட வழியில் செய்த செப்புத்தகட்டு அச்சு. பைபிளுக்குச் செய்த 105 படங்களும் லித்தோகிராப்தான். சர்ரியலிச ஓவியர் மக்ஸ் ஏர்ன்ஸ்ட் 1929இலும் 1934இலும் வெளியிட்ட படத்தொகுப்பு நூல்கள் இன்னும் குழப்பமானவை. அவர் 19ஆம் நூற்றாண்டு மரச்செதுக்குப் படங்களை வெட்டி ஒட்டி, அந்த ஒட்டுப்படத்தை ஒளிப்பட வழியில் அச்சுக்கட்டையாக்கினார். பார்வைக்கு மரச்செதுக்கு, செய்முறையில் அல்ல. தாந்தேயின் நரகக் காண்டத்துக்குப் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே செய்த 1861 படங்கள் அசல் மரச்செதுக்கு, ஆனால் சர்ரியலிசத்துக்கு முந்தியவை. பக்கத்தில் வைத்து ஒப்பிட மட்டும் அவை உதவும்.

டாலியின் தொகுதியிலும் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டைகளை டாலி செதுக்கவில்லை. ராய்மோன் ஜாக்கே தலைமையில் செதுக்குநர்கள் 3,000க்கும் மேற்பட்ட கட்டைகளைச் செய்தார்கள். ஒரு படத்துக்குச் சராசரியாக 30க்கு மேல். நீர்வர்ணத்தின் மெல்லிய கறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டுக் கொண்டுவர அத்தனை தேவைப்பட்டது. ஓவியரின் சொந்தக்கை செதுக்கலைத்தான் சேகரிப்பேன் என்பவருக்கு இது ஒத்துவராது. இந்த விபரம் சுங்கத்திலும் திரும்ப வந்து நிற்கும்.

2. வாங்குமுன் வீட்டில் இருக்க வேண்டியவை

இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஏலத்தில் கைவைக்க வேண்டாம்.

10 மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடி. நகைக்கடைக்காரர் பயன்படுத்துவது போதும். அதைவிடப் பெருக்குவது புதியவருக்குக் குழப்பம்தான் தரும்.

இலக்க ஈரப்பதன்மானி இரண்டு. ஒன்று பெட்டிக்குள், ஒன்று அறையில். மலிவானவை 5 முதல் 10 வீதம் பிழை காட்டும். அதனால் முதல் நாளே சோதித்துக்கொள்ளுங்கள்: ஒரு போத்தல் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறுபோல் ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் 8 மணித்தியாலம் வையுங்கள். பைக்குள் ஈரப்பதன் 75 வீதத்தில் நிற்கும். மானி 81 காட்டினால் அது எப்போதும் 6 கூட்டிக் காட்டுகிறது. அந்த 6ஐ மானியின் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இறப்பர் விளிம்பு மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி. முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் உள்ளதைத் தெரிவுசெய்யுங்கள், அது பொலிபுரொப்பிலீன். 3 இருந்தால் பி.வி.சி. அதிலிருந்து வெளியேறும் ஆவி தாளைக் கெடுக்கும். உட்பக்கம் குறைந்தது 45 × 32 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாள் வளையும்.

சிலிக்கா ஜெல். செம்மஞ்சள் நிறமாறி வகையை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் குளோரைட் உண்டு, அது நஞ்சு.

அமிலமற்ற தாள். கொழும்பிலிருந்து எடுப்பிக்கும்வரை ஏ3 போட்டோகொப்பித் தாள் தற்காலிகமாக உதவும். தாளின் ஒரு துண்டில் வினாகிரி ஒரு சொட்டு விட்டுப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். குமிழி வந்தால் தாளில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, வைக்கலாம். வராவிட்டால் வேண்டாம். செய்தித்தாளும் மண்ணிறப் பெட்டி மட்டையும் ஒருநாளுக்குக்கூட வேண்டாம். இரண்டும் அமிலம் கக்கும்.

பெட்டியை வெறுமையாக வைத்து, வைக்கப்போகும் அறையிலேயே இரண்டு கிழமை மானியைக் கவனியுங்கள். மூடிய பெட்டியில் எண் அறையோடு சேர்ந்து ஏறி இறங்கினால் மூடி சரியில்லை. வெறும் பெட்டியில் இதைக் கண்டுபிடிப்பது மலிவு.

3. கண்ணைப் பழக்குதல்

டாலியில் கைவைக்க முன் ஒரு மலிவான மரச்செதுக்குத் தாள் வாங்குங்கள். ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ வாரஇதழின் 19ஆம் நூற்றாண்டுப் பக்கங்கள் தனித்தனியாக விற்கப்படுகின்றன. இலங்கைக் காட்சிகள் உள்ளவையும் வரும். பெரிய படங்களில் வெள்ளை மயிர்க்கோடு ஒன்று நேராகவோ குறுக்காகவோ ஓடுவதைத் தேடுங்கள். சிறு கட்டைகளை ஆணி முறுக்கிப் பொருத்திய மூட்டு அது. ஒளிப்படத்திலிருந்து நேரே செய்த அச்சில் இப்படி வராது.

பிறகு ஒரு நாட்காட்டிப் படத்தைக் கண்ணாடியால் பாருங்கள். நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என நான்கு நிறப் புள்ளிகள் பூ வடிவில் சுற்றி நிற்கும். அது ஒவ்செற், இன்றைய அச்சகங்களின் வழமையான அச்சு. வீட்டு இன்க்ஜெற் அச்சில் ஒழுங்கில்லாமல் தெளித்த புள்ளிகள் இருக்கும். மரச்செதுக்கில் புள்ளி வலை இருக்காது. ஒவ்வொரு நிறமும் தனித் திட்டாக, விளிம்போடு நிற்கும். விளிம்பில் மை கொஞ்சம் பிதுங்கி நடுவைவிட அடர்ந்திருக்கும். கட்டை தாளில் அழுத்தும்போது மை ஓரத்துக்கு ஒதுங்குவதுதான் காரணம்.

மூன்றையும் பெயர் பாராமல் சொல்ல வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

4. பதிப்பை அடையாளம் காணுதல்

பிரெஞ்சுப் பதிப்பு பாரிசில் லெ ஸேர் கிளேர் பதிப்பகத்தின் வெளியீடு. 1963இல் நிறைவுற்றது. நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் (பாவம் கழியும் இடம்), மோட்சம் ஆகிய ஒவ்வொரு காண்டத்துக்கும் இரண்டு தொகுதி வீதம் ஆறு தொகுதிகள். படலத்துக்கு ஒரு படமாக 34, 33, 33. மொத்தம் 4,765 பிரதிகள். தாள் ரீவ் ஆலையின் பருத்தித் தாள். தைக்கப்படாத மடிப்புகளுக்குள் படங்கள் தளர்வாக வைக்கப்பட்டிருந்தன. இன்று தனித்தாள்களாக இவ்வளவு உலவுவது அதனால்தான்.

1960களிலேயே இத்தாலியப் பதிப்பும் 1970களில் ஜெர்மன் பதிப்பும் வந்தன. இவற்றைப் போலி என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் பிரெஞ்சு விலையை அவற்றுக்குக் கொடுக்க வேண்டாம். எந்தப் பதிப்பு என்று எழுதாமல் ‘டாலி, தாந்தே, 1960’ என்று மட்டும் போடும் விற்பனையாளரிடம் முதற்கேள்வியே இதுதான்.

தாளைச் சோதிக்கும் ஒழுங்கு பின்வருமாறு. ஒழுங்கை மாற்றாதீர்கள், ஏனென்றால் முன்னதில் தோற்றது பின்னதால் காப்பாற்றப்படாது.

அ. படம் எது? டாலியின் அச்சுப்படங்களைத் தொகுத்து இலக்கமிட்ட மிஹ்லர், லெப்ஸிங்கர் இருவரின் பட்டியலில் இத்தொகுதிக்கு 1039 முதல் 1138 வரை இலக்கங்கள். அல்பேர்ட் ஃபீல்ட் 1996இல் வெளியிட்ட பட்டியலிலும் உண்டு. விற்பனைப் பக்கங்களில் படலத்தின் எண்ணும் தலைப்பும் அடிக்கடி மாறிக் கிடக்கும். தலைப்பை நம்பாமல் படத்தைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

ஆ. அளவு. தாள் ஏறக்குறைய 33 × 26 சென்ரிமீற்றர், படம் ஏறக்குறைய 25 × 18. தாள் இரண்டு சென்ரிமீற்றர் குறைந்தாலே ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது. சட்டகக்காரர் வெட்டியிருப்பார், அல்லது கறை பிடித்த ஓரத்தை மறைக்க வெட்டியிருப்பார்கள். இரண்டிலும் மதிப்புக் குறையும்.

இ. பூதக்கண்ணாடி. மெல்லிய நீர்வர்ணக் கறைபோலத் தெரியும் இடத்தைப் பாருங்கள், கறுப்புக் கோட்டை அல்ல. கறுப்புக் கோடு எந்த அச்சிலும் ஏமாற்றும். அசலில் கறை பல தட்டை நிறத் திட்டுகளாகப் பிரியும். ஒன்றின் ஓரம் மற்றதைத் தாண்டி மயிரளவு விலகி நிற்கும். புள்ளிப்பூ தெரிந்தால் அத்தோடு சோதனை முடிந்தது.

ஈ. சாய்ந்த வெளிச்சம். இருட்டறையில் ரோச் லைற்றைத் தாளோடு ஒட்டிப் படுக்கையாகப் பிடியுங்கள். பல நிறம் ஏறிய இடத்தில் மை தடித்து லேசாக மினுங்கும். பின்புறத்தில் அழுத்தம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். தெரியாததை மட்டும் வைத்து மறுக்க வேண்டாம்.

உ. நீர்க்குறி, அதாவது தாள் செய்யும்போதே உள்ளே பதியும் ஆலையின் அடையாளம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சில தாள்களில் ‘பி.எஃப்.கே. ரீவ்’ எழுத்துகள் முழுதாகவோ துண்டாகவோ தெரியும். பெரிய தாளை வெட்டித்தான் இந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள், அதனால் எல்லாத் துண்டிலும் குறி விழாது. இருந்தால் ஆதரவு. இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அதே ஆலைத் தாள் இன்றும் கடையில் கிடைப்பதையும் மறக்க வேண்டாம், நீர்க்குறி மட்டும் எதையும் நிரூபிக்காது.

காசுத்தாள் பார்க்கும் ஊதா ரோச்சால் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நீலமாகப் பளிச்சிட்டால் தாளில் வெளுப்பூட்டி இருக்கிறது என்று பொருள். ஆனால் 1950களிலேயே வெளுப்பூட்டிகள் தாளுக்குள் வந்துவிட்டன. 1960ஆம் ஆண்டுத் தாளுக்கு அது முடிவான சாட்சி ஆகாது. பூஞ்சணக் கறையைக் காட்டித் தருவதற்கு அது நல்லது.

5. கையெழுத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பல படங்களில் ‘டாலி’ என்ற பெயர் படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருக்கும். அது கட்டையில் செதுக்கியது. கண்ணாடிக்குக் கீழ் மற்ற மைபோலவே விளிம்புடன் நிற்கும். ஓரத்தில் பென்சிலால் இட்ட கையெழுத்து வேறு விடயம். சாதாரணப் பிரதிகள் பென்சில் கையெழுத்து இல்லாமலே வெளிவந்தன. ஆகவே கையெழுத்து இல்லாத தாள் குறையுள்ள தாள் அல்ல, அதுதான் வழமையான தாள்.

கையெழுத்திட்டது என்றால் விலை பலமடங்கு ஏறும். ஏறுவதால்தான் பிறர் இட்டார்கள். டாலி வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டுக் கொடுத்ததும் ஊரறிந்தது. 1974இல் அந்தோரா எல்லையில் அப்படிப்பட்ட சுமார் 40,000 தாள்களுடன் ஒரு வாகனம் பிடிபட்டது. 1980க்குப் பிறகு அவருக்குக் கை நடுக்கம். திடமான கையெழுத்தும் 1980களின் திகதியும் ஒன்றாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

விற்பனையாளரே அச்சிட்டுத் தரும் அத்தாட்சிப் பத்திரத்துக்கு அந்த விற்பனையாளரின் பெறுமதிதான். ‘பட்டியல் இலக்கமும் பதிப்பும் தவறானால் பணம் திருப்பித் தரப்படும்’ என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவது அதைவிட மேல்.

6. எதை வாங்குவது

முதல் வாங்கலுக்கு ஒரு தாள், இரண்டாவதற்கு மூன்று தாள். முழுத் தொகுதிக்கு அவசரப்பட வேண்டாம். ஆறு தொகுதியும் பெட்டிகளும் சேர்ந்த பாரத்தை இங்கே கொண்டுவருவதும் உலர வைப்பதும் தனி வேலை.

உத்தரிக்கிற ஸ்தலத்தின் முதற் படமான ‘விழுந்த தேவதூதன்’ மிகவும் விரும்பப்படுவது. தன் உடலிலுள்ள இழுப்பறைகளைத் தானே திறந்து பார்க்கும் உருவம் அது. விலை அதிகம், போலியும் மறுபதிப்பும் அதிகம். அதில் தொடங்காதீர்கள். மோட்சக் காண்டத்தின் வெளிர்நிறப் படங்கள் பொதுவாகக் குறைந்த விலைக்கு வரும். திட்டுகள் தெளிவாகப் பிரிவதால் கண்ணுக்கு நல்ல பயிற்சியும் ஆகும். ஆனால் அவைதான் வெயிலில் முதலில் மங்கும், ஆகவே மங்கல் இருக்கிறதா என்று பட்டியல் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிறப்புப் பிரதிகளில் நிறப்பிரிப்புத் தாள்களும் இருந்தன. ஒவ்வொரு நிறமும் எப்படி ஏறியது என்று படிப்படியாகக் காட்டும் அச்சுகள் அவை. தனியாகப் பார்த்தால் அரைகுறைப் படமாகத் தெரியும். ‘அபூர்வ மாறுபாடு’ என்று அவற்றை விற்பவர் உண்டு. செய்முறையில் ஆர்வமுள்ளவர் ஒன்று வாங்கலாம், ஆனால் முழுப்படத்தின் விலைக்கு அல்ல.

ஒரு விடயத்தில் வன்னிக்காரர் வெளிநாட்டுச் சேகரிப்பாளரைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும்: தாளில் மண்ணிறப் புள்ளி. வரண்ட குளிர்நாட்டில் அது பழைய வடு, அப்படியே இருக்கும். இங்கே கார்த்திகை ஈரத்தில் பரவக்கூடும். பாதி விலையென்றாலும் விடுங்கள். மட்டையின் அமிலம் விட்ட மண்ணிறச் சதுரக்கோடு பரவாது. அதைத் தாங்கலாம், பேரம் பேசவும் உதவும். செலோரேப் கறை, அட்டையில் முழுதாக ஒட்டிய தாள் இரண்டும் வேண்டவே வேண்டாம். கழற்றுவது பழுதுபார்ப்பு நிபுணர் வேலை, அதன் செலவு தாளின் விலையைத் தாண்டும்.

7. விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்

முன்புறம் முழுதாக, தாளின் நான்கு ஓரமும் தெரிய. பின்புறம் முழுதாக. சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று. யன்னலுக்கு எதிரே பிடித்து ஒன்று. கறைநிறப் பகுதியைக் கண்ணாடி வைத்து மிக அருகில் ஒன்று. பிரதி இலக்கம் உள்ள பக்கம் இருந்தால் அதுவும். சட்டகத்துக்குள் இருப்பதென்றால் கழற்றி எடுக்கக் கேளுங்கள். ‘கழற்ற முடியாது’ என்றால் அநேகமாக ஒட்டியிருக்கிறது.

ஏலமென்றால் சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடிந்த விலைக்கு மேல் ஏலக்காரரின் பங்கு வரும். கால் பங்கு வழமை, சில இடங்களில் அதற்கும் மேல். அதன் மேல் பொதியும் அனுப்புக்கூலியும் சுங்கமும். எல்லாவற்றையும் கூட்டி மேல்வரம்பை முதலே தாளில் எழுதிவிட்டுத்தான் விலை கேட்க வேண்டும். வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா, வரம்பு எவ்வளவு என்பதையும் ஏலத்துக்கு முந்திய கிழமையே கேட்டு வையுங்கள்.

8. நாட்டுக்குள் கொண்டுவருதல்

இரண்டு வழி உண்டு.

முதலாவது, பாரிசில் சொந்தம் இருந்தால் அவர்களிடம் வாங்குவித்தல். வன்னியில் இது இல்லாத குடும்பம் குறைவு, பிரெஞ்சுப் பதிப்பும் அங்கேதான் அதிகம் கிடைக்கிறது. சித்தப்பாவோ மச்சானோ கடைக்குப் போவதானால் 4ஆம் பகுதியின் அ முதல் உ வரையை அப்படியே அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் போனில் படம் எடுத்தனுப்பச் சொல்லுங்கள். ‘நல்லாத்தான் இருக்கு’ என்ற பதிலுக்குக் காசு அனுப்பாதீர்கள். ஏ3 அளவு இறுக்கமான கோப்பு அட்டைக்குள் 33 × 26 தாள் சுகமாக இருக்கும், கைப்பையிலும் அடங்கும். பெரிய பொதியில் போடவே கூடாது. பற்றுச்சீட்டு கூடவே வர வேண்டும், கட்டுநாயக்காவில் மறைக்காமல் காட்ட வேண்டும்.

இரண்டாவது, தபால் அல்லது கூரியர். குழாயில் சுருட்டி அனுப்பவேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். ஏறிய மை வளையும்போது வெடிக்கும். தாளைவிட நாலு பக்கமும் 5 சென்ரிமீற்றர் பெரிதான இரண்டு இறுக்கமான அட்டைகளுக்கு நடுவில், பொலித்தீனால் மூடி, தட்டையாக வர வேண்டும். ஐப்பசி நடுவிலிருந்து தை நடுவரை பொதி வழியில் இருக்காதபடி வாங்குங்கள்.

சுங்கத்தில் குறியீடு ஒரு பிரச்சினை. 9702 என்ற தலைப்பு அசல் அச்சுப்படங்களுக்கு. ஆனால் சுங்க அட்டவணையில் அந்த அத்தியாயத்தின் குறிப்பு, அச்சுத்தகடு முழுவதும் ஓவியரின் கையால் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. இங்கே செதுக்கியவர் வேறு. ஆகவே 4911 என்ற அச்சிட்ட படங்கள் பிரிவுக்குத் தள்ளப்படலாம். நூலோடு முழுத் தொகுதியாக வந்தால் 4901 பேச்சுக்கு வரும். ஒவ்வொன்றின் வரியும் வேறு. வாங்கமுன் கொழும்பில் உள்ள சுங்க முகவர் ஒருவரிடம் மூன்றுக்கும் அன்றைய வீதத்தைக் கேளுங்கள். அதிகமானதை வைத்துக் கணக்குப் போடுங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் யோசனை அடிக்கடி வரும். அது குற்றம், பொதி தொலைந்தால் காப்புறுதியும் அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

9. பொதி வந்த நாள்

உடனே பிரிக்காதீர்கள். அறைக்குள் 24 மணித்தியாலம் மூடியபடி விடுங்கள். குளிர்ந்து வந்த பொதியைச் சூடான ஈரக்காற்றில் திறந்தால் உள்ளே நீர் படியும்.

கையைச் சோப்பால் கழுவி நன்றாக உலர்த்துங்கள். மேசையில் சுத்தமான தாள் விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பிரியுங்கள். தாளை எதிரெதிர் மூலைகளில் இரண்டு கையாலும் தூக்குங்கள். ஒரு கையால் தூக்கினால் பிறைவடிவில் ஒரு மடிவு விழும், அது போகாது.

4ஆம் பகுதிச் சோதனையை அன்றே முழுதாகச் செய்து படம் எடுத்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் காலக்கெடு பலரிடம் 14 நாள்தான். பிறகு தாளைத் தனிப் பையில் இரண்டு மூன்று கிழமை ஒதுக்கி வையுங்கள். வெள்ளிப்பூச்சியோ நுண்ணிய புத்தகப் பேனோ கூட வந்திருந்தால் அந்தப் பைக்குள்ளேயே தெரியும், மற்றவற்றுக்குப் பரவாது.

10. வைத்திருத்தல்: கச்சான் காற்றும் மாரியும்

குறி இதுதான்: ஈரப்பதன் 45 முதல் 55 வீதம், ஏற்ற இறக்கம் குறைவாக. 65ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் தொடங்கும். குளிரூட்டியால் இதைப் பிடிக்க நினைப்பது வீண். மின்சாரம் போய்ப்போய் வரும்போது ஈரம் ஏறி இறங்கித் தாள் நெளியும். மூடிய பெட்டி மின்சாரம் கேட்காது.

இருபது லீற்றர் பெட்டிக்குள் உள்ள காற்றிலிருக்கும் நீர், கொதிக்கும் நாளிலும், ஒரு கிராமுக்குக் குறைவு. ஆனால் உள்ளே வைக்கும் 2 கிலோ தாளில் 100 கிராமுக்கு மேல் நீர் இருக்கும். அதாவது பெட்டியின் ஈரத்தைத் தீர்மானிப்பது தாள்தான், காற்றல்ல. மாரியில் ஈரம் குடித்த தாளைப் பெட்டிக்குள் பூட்டினால் ஈரத்தையே பூட்டிவைக்கிறீர்கள். அதனால் பெட்டி கட்டும் வேலை, கச்சான் என்ற வரண்ட தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில், பின்னேரம் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில். அறை மானி 55க்குக் கீழ் இறங்கிய நாளில் தாள்களையும் உறைத் தாள்களையும் நிழலில் விரித்து இரண்டு மணித்தியாலம் விட்டுப் பெட்டிக்குள் போட்டு மூடுங்கள். செம்மண் தூசு பறக்கும் நாளென்றால் காற்று வரும் பக்கத்து யன்னலைச் சாத்திவிடுங்கள்.

சிலிக்கா ஜெல் 100 கிராமில் தொடங்குங்கள், துணிப்பையில், தாளைத் தொடாமல் மூலையில். மூன்று நாளில் மானி 40க்குக் கீழ் போனால் பாதியை எடுத்துவிடுங்கள். ‘கூடப் போட்டால் கூட நல்லது’ என்பது இங்கே பொருந்தாது, மிகவும் உலர்ந்த தாள் சுருண்டு விறைக்கும். நிறம் மாறினால் 120 பாகை செல்சியஸைத் தாண்டாமல் சமையலறை வெதுப்பியில் சூடாக்கி, ஆறவிட்டுத் திரும்பப் போடலாம்.

பெட்டியை வைக்கும் இடம் உருக்கு அலுமாரி. சுவரிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கட்டும். கறையான் மண்குழாய் கட்டினால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மரத்தட்டு, சீமெந்து நிலம், தகரக் கூரைக்கு நேர்கீழ் உள்ள பரண் மூன்றும் கூடாது. இடுப்புயரத்துக்கு மேலான தட்டைத் தெரிவுசெய்யுங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் தண்ணீர் வீட்டுக்குள் எவ்வளவு ஏறியது என்று அயலில் கேட்டு, அதற்கு மேலே வையுங்கள்.

புத்தகத்துக்கு வேப்பிலை வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அச்சுப்படத்துக்கு வேண்டாம், இலை ஈரத்தையும் கறையையும் கொண்டுவரும். நப்தலீன் உருண்டையும் வேண்டாம், மூடிய பெட்டிக்குள் அதன் ஆவி தங்கும்.

பூஞ்சணம் கண்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். துடைத்தால் நாருக்குள் ஏறும், வெயிலில் நிறம் போகும், தாள் முறுகும். தனியாக எடுத்து, நிழலில் உலர்ந்த காற்றில் வைத்து, பூஞ்சணம் மாப்போல ஆனபின் முகக்கவசத்துடன் வெளியில் வைத்து மென்தூரிகையால் தள்ளிவிடுங்கள். கறை மிஞ்சும். அதைப் போக்க முயலவேண்டாம்.

11. சட்டகம் போடுவதானால்

நகரங்களில் உள்ள சட்டகக் கடைகள் சாமிப்படத்துக்கும் நினைவுப் படத்துக்கும் பழகியவை. படத்தை ஹார்ட்போர்ட்டில் பசைபூசி ஒட்டிக் கண்ணாடியோடு அழுத்தி அடிப்பதுதான் அவர்களுடைய வழமையான நல்ல வேலை. அச்சுப்படத்துக்கு அது சாவு. கடைக்காரரிடம் படத்தைக் கொடுக்காமல் அளவை மட்டும் கொடுத்துச் சட்டகத்தையும் கண்ணாடியையும் செய்விக்கலாம். உள்வேலை வீட்டில்.

தாளை அமிலமற்ற அட்டையில் மூலைப்பைகளால் பிடியுங்கள். அமிலமற்ற தாளை முக்கோணமாக மடித்து நான்கு மூலைக்கும் பை செய்து, பையைத்தான் அட்டையில் ஒட்ட வேண்டும், படத்தில் பசை படக்கூடாது. கோதுமை மாப்பசையும் ஜப்பானியத் தாளும் கொண்டு தொங்கவிடும் முறையை நூல்கள் சொல்லும். சரியான முறைதான், ஆனால் இங்கே வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து. கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் குறைந்தது 3 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். ஒட்டி நின்றால் மாரியில் மை கண்ணாடியில் பிடிக்கும். அதற்கு இரண்டு தட்டு ஜன்னலட்டை (நடுவில் படம் தெரிய வெட்டிய அட்டை) போதும்.

வாடைக்காற்று மழையை அடிக்கும் வடகிழக்குச் சுவரில் மாட்டாதீர்கள். மற்றச் சுவரிலும் சட்டகத்தின் பின்மூலைகளில் ஒரு சென்ரிமீற்றர் தக்கை ஒட்டிக் காற்றோட்டம் விடுங்கள். நேர்வெயில் எந்த நேரத்திலும் படக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாட்டி, இறக்கியதைப் பெட்டிக்குள் போடுங்கள். புரட்டாசி முடிய எல்லாவற்றையும் இறக்கிவிடுவது நல்லது.

12. பதிவேடு

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பக்கம்: பட்டியல் இலக்கம், காண்டம், படலம், பதிப்பு, தாளின் அளவு மில்லிமீற்றரில், நீர்க்குறி உண்டா, குறைகள் எந்த மூலையில், வாங்கிய இடம், திகதி, மொத்தச் செலவு. பற்றுச்சீட்டையும் சுங்கத் தாளையும் ஸ்கான் செய்து வெளிநாட்டிலிருக்கும் சொந்தம் ஒருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். அச்சுப்படத்தின் பின்புறத்தில் எதையும் எழுதவேண்டாம், உறைத் தாளில் பென்சிலால் எழுதுங்கள், அதுவும் படத்தை வெளியே எடுத்த பிறகு.

பெட்டி மானியின் எண்ணைக் கிழமைக்கு ஒருமுறை, மாரியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை அதே பதிவேட்டில் குறியுங்கள். பெட்டியைத் திறந்து தாள்களைப் பார்ப்பது ஆண்டுக்கு இரண்டு முறை: மாசியில், மாரி என்ன செய்தது என்று பார்க்க, ஆவணியில், அடுத்த மாரிக்குக் கட்ட.